மூக்கைப் பொத்திக்கொண்ட அந்த ஒரு நிமிடம்

மேடம், வணக்கம்.

எனக்கு 20 வயது. தூத்துக்குடிப் பெண். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் படிப்பதற்காக ஆகஸ்ட் கடைசியில் தென் கொரியாவின் பூசான் நகரத்துக்கு வந்தேன். எங்கள் கல்லூரியிலிருந்து மொத்தம் நாலு பேர். டிசம்பர் மூன்றாவது வாரம் செமஸ்டர் முடியும். அதுவரை தாக்குப்பிடிப்பேனா என்று தெரியவில்லை. இரண்டு முறை ஊருக்கு டிக்கெட் விலை பார்த்துவிட்டேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மா மீன் விற்கிறாள். விடிவதற்கு முன் மூன்று மணிக்கு எழுந்து திரேஸ்புரம் கரைக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியச் சட்டியில் வைத்துத் தெருத் தெருவாகக் கொண்டுபோவாள். சீலா, விளமீன் என்று நல்ல மீன் கிடைக்கும் நாளும் உண்டு. வெறும் சாளையோடு போகும் நாளும் உண்டு. அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். முதுகில் அடிபட்ட பிறகு கரையிலேயே மற்றவர்களின் வலைகளைச் சரிசெய்து கொடுக்கிறார்.

இது எதுவும் என் கல்லூரியில் யாருக்கும் தெரியாது. முதல் வாரத்தில் ஒருத்தி கேட்டபோது "அப்பா சீ ஃபுட் எக்ஸ்போர்ட்" என்று வாயில் வந்துவிட்டது. அப்படியே மூன்று வருடமாக அதைக் காப்பாற்றி வருகிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தால் ஆறாம் வகுப்புதான் ஞாபகம் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்று, "மிஸ், இவ பையில மீன் நாத்தம் அடிக்குது" என்றாள். மிஸ் அவளைத் திட்டவில்லை. என்னைக் கடைசி பெஞ்சுக்குப் போகச் சொன்னார். அன்றிலிருந்து பள்ளிக்கூடப் பையை நான் வீட்டுக்குள் வைத்ததே இல்லை. வாசல் கம்பியில்தான் மாட்டி வைப்பேன்.

இரண்டாம் வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா ராத்திரி பஸ்ஸில் கிளம்பி ஹாஸ்டலுக்கு வந்தாள். கையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் கழுவி, பவுடர் போட்டு, கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கேட்டில் நின்று, "நான் உள்ள வரல ளா, ஒனக்குச் சங்கடம்" என்று சொல்லிவிட்டு, பையைக் கொடுத்து அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். நான் "வாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பூசானில் படிப்புக் கட்டணம் இல்லை, ஆனால் விமானம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் நம் செலவு. அம்மா தன்னுடைய 4 பவுன் சங்கிலியை அடகு வைத்தாள். பனிமய மாதா திருவிழா முடிந்த பிறகு கிளம்பினேன். வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. குவாங்கல்லி கடற்கரை, ராத்திரி விளக்குப் போட்ட பாலம், ஹெயுண்டே என்று தினம் ஒரு போட்டோ ஸ்டேட்டஸில் வைத்தேன். ஊரில் எல்லோரும் "கொடுத்து வச்சவ" என்றார்கள்.

அப்புறம் சூசொக் வந்தது. இங்கே அறுவடைப் பண்டிகை, நம் பொங்கல் மாதிரி. எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். என் அறைத் தோழி கொரியப் பெண், தேகு நகரத்துக்காரி. தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். போனால் "அப்பா அம்மா என்ன செய்கிறார்கள்" என்று கேட்பார்களே என்று பயந்து, படிக்க இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த நாலைந்து நாள் ஹாஸ்டலில் மாடிக்கு ஒருவர்கூட இல்லை. கடைகளும் நிறைய மூடியிருந்தன. ரயிலில் ஒரு குழந்தை "ஓம்மா, ஓம்மா" என்று கூப்பிட்டது. கொரிய மொழியில் அம்மாவுக்கு அதுதான் சொல். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன் நாங்கள் நாலு பேரும் ஜகல்ச்சி மீன் சந்தைக்குப் போனோம். பூசானுக்கு வந்தவர்கள் கட்டாயம் பார்க்கும் இடம் என்றார்கள். மெட்ரோவை விட்டு ஏறியதுமே வாசனை வந்துவிட்டது. தெரு நெடுக சிவப்பு ரப்பர் தொட்டிகள், அதற்குப் பின்னால் ரப்பர் பூட்ஸும் கையுறையுமாக வயதான பெண்கள். ஒரு பாட்டி சாவாளையை வைத்து அறுத்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் கத்தியைத் தரையில் நிறுத்தி, மீனை அதன்மேல் இழுக்கிற மாதிரி இல்லை, அவர்கள் பலகையில் வைத்து வெட்டுகிறார்கள். ஆனால் குடலை வழித்துவிட்டு விரலை உதறுகிற அந்த உதறல் அப்படியே அம்மா. கையுறையைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் கையை அலசினார். ஊறிப்போய் வெளுத்த விரல்கள்.

கூட வந்தவர்கள் "ஐயோ, நாத்தம்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நானும் பொத்திக்கொண்டேன், மேடம். அந்தப் பாட்டி நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். கோபப்படவில்லை. சிரித்துவிட்டு மறுபடி மீனைப் பார்த்தார்.

அன்று ராத்திரி அம்மா வீடியோ காலில் வந்தாள். "என்னளா, சாப்ட்டியா? அங்க கடலு நம்ம கடலு மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். நெட் சரியில்லை என்று சொல்லி கட் பண்ணிவிட்டேன். அதிலிருந்து கால் எடுப்பதில்லை. "கிளாஸ்ல இருக்கேன்" என்று மெசேஜ் மட்டும் போடுகிறேன். ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு மேல்தான் தூக்கம். ஏழெட்டு வகுப்புக்குப் போகவில்லை. அறைத் தோழி தினமும் "பாப் மொகொஸ்ஸொ?" என்று கேட்கிறாள். சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். ஆமாம் என்று பொய் சொல்கிறேன்.

ஊருக்குத் திரும்பிவிடட்டுமா? அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டுமா? நான் இவ்வளவு மோசமான பெண்ணா?

— பெயர் வேண்டாம், பூசான்

ஆலோசகர் பதில்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்து மூன்று முறை படித்தேன். டிக்கெட் எடுக்காதே. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நீ மோசமான பெண் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சந்தையில் உன் கை மூக்குக்குப் போன அந்த நொடியை நினைத்துப் பார். யோசித்து, முடிவெடுத்து நீ கையைத் தூக்கவில்லை. அது ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு அனுப்பப்பட்ட ஒரு குழந்தையின் கை. "நாத்தம்" என்று நாலு பேர் சொல்லும் இடத்தில், தானும் சொல்லாவிட்டால் தன்னைத்தான் சொல்வார்கள் என்று அந்தக் குழந்தை 11 வயதில் கற்றுக்கொண்டுவிட்டாள். பையை வாசல் கம்பியில் மாட்டியது அவள். "எக்ஸ்போர்ட்" என்று சொன்னதும் அவள். அந்தக் குழந்தையை யாராவது ஒருவர் அன்றைக்கே பக்கத்தில் உட்கார வைத்திருந்தால், இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. அந்த ஆசிரியை செய்தது தவறு. இத்தனை வருடம் கழித்தும் அதை ஒரு பெரியவர் வாயால் நீ கேட்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

மீன் வாசனையைக் கேவலமாக நினைப்பது ஏதோ இயற்கையான அருவருப்பு என்று பலரும் நம்புகிறார்கள். யார் வீட்டில் என்ன வேலை, எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று மனிதர்களைத் தரம் பிரிக்கிற பழக்கம்தான் மூக்கு வழியாக வருகிறது. அதே ஆட்கள் வறுத்து வைத்த சீலாவுக்குக் கை நீட்டுவார்கள். அந்தப் பழக்கத்தை நம் பள்ளிக்கூடங்கள் குழந்தைகளின் தலையில் ஏற்றிவைக்கின்றன. உன் தலையிலும் ஏற்றினார்கள்.

சரி, பூசானில் உனக்கு என்ன ஆயிற்று? நீ வீட்டு ஏக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வீட்டு ஏக்கம் உண்மையானதுதான். 1688-இலேயே யொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரத்தில் இதை ஒரு நோயாக விவரித்து ஆய்வேடு எழுதினார். ஊரை விட்டுப் போன மாணவர்கள், வேலையாட்கள், கூலிப்படை வீரர்கள் இளைத்துத் துரும்பாகிப் போவதைப் பார்த்துதான் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லையே உருவாக்கினார். வெளிநாடு போனால் முதலில் கொஞ்ச காலம் தேனிலவு, பிறகு சரிவு, பிறகு மெதுவாகத் தேறுவது என்று ஒரு வளைகோடு போட்டுக் காட்டுவார்கள். அது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. நியூஸிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைப் பின்தொடர்ந்து 1998-இல் வந்த ஒரு ஆய்வில், அவர்களுக்குப் போய் இறங்கிய சமயத்தில்தான் மனச்சோர்வு அதிகம் இருந்தது. ஆக, யாருடைய வளைகோட்டோடும் உன்னை ஒப்பிட வேண்டாம்.

ஆனால் உன் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்திய இடம் சூசொக். ஒரு பெண் உன்னைத் தன் வீட்டுக்கே கூப்பிட்டிருக்கிறாள். நீ போகவில்லை. தனிமை உன்னைத் தேடி வரவில்லை, ஒரு கேள்விக்குப் பயந்து நீ அதைத் தேர்ந்தெடுத்தாய். அதனால்தான் இது வெறும் ஊர் ஏக்கம் இல்லை என்று சொல்கிறேன். ரகசியம் உன்னைத் தின்கிறது.

ரகசியம் மனிதரை எப்படிப் பாதிக்கிறது என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்லெப்பியன் என்ற உளவியலாளர் தன் குழுவோடு ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார். அடுத்தவர் முன்னால் மறைத்துப் பேசும் நேரம்தான் கஷ்டமானது என்று நாம் நினைப்போம். அவர்கள் கண்டது வேறு. யாரும் கேட்காத நேரத்திலும், தனியாக இருக்கும்போதும், மனம் திரும்பத் திரும்ப அந்த ரகசியத்திடமே போய் நிற்கிறதே, அந்த நடமாட்டம்தான் ஆளை அதிகம் உலுக்குகிறது. சென்னையில் உனக்கு வகுப்பு, ஹாஸ்டல் கூச்சல், அரட்டை எல்லாம் இருந்தன. மனம் அங்கே போக நேரம் இல்லை. ஆளில்லாத ஹாஸ்டல் மாடியில் நாலைந்து நாள் கிடைத்தது. போதாதென்று, உன் ரகசியமே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து மீன் அறுத்துக் காட்டியது. யாருக்குத்தான் தூக்கம் வரும்?

அந்தச் சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. 1950-இல் கொரியப் போர் தொடங்கிய பிறகு பூசான்தான் தென் கொரியாவின் தற்காலிகத் தலைநகரம் ஆனது. வடக்கிலிருந்தும் சியோலிலிருந்தும் லட்சக்கணக்கான அகதிகள் அங்கே வந்து குவிந்தார்கள். பிழைக்க வேறு வழி இல்லாத பெண்கள் ஜகல்ச்சிக் கரையில் தொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களை அந்த ஊர்ப் பேச்சில் 'ஜகல்ச்சி அஜிமே' என்பார்கள், நாம் அக்கா, அத்தை என்போமே அது மாதிரி. இன்று அவர்கள் அந்த நகரத்தின் அடையாளம். அக்டோபரில் நடக்கும் ஜகல்ச்சித் திருவிழாவின் முழக்கமே அவர்கள் கூவி விற்கும் மூன்று வார்த்தைதான்: "ஒய்ஸோ, பொய்ஸோ, ஸாய்ஸோ." வாங்க, பாருங்க, வாங்கிட்டுப் போங்க. உன் அம்மா தெருமுனையில் கூவுவதும் இதைத்தானே?

அதற்காக, கொரியாவில் மீன்காரப் பெண்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், நம் ஊரில்தான் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. திருவிழாப் பதாகையில் படம் போடுவது வேறு, தினம் தினம் மதிப்பது வேறு. உன்னைப் பார்த்துச் சிரித்த அந்தப் பாட்டிக்கும் ஒரு மகளோ பேத்தியோ இருக்கலாம், எங்கோ ஒரு அலுவலகத்தில் "அம்மா வியாபாரம் செய்கிறார்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அவர் கோபப்படாமல் சிரித்தார் என்று எழுதியிருந்தாய். மூக்கைப் பொத்தும் எத்தனையோ பேரை அவர் பார்த்திருப்பார். உன் முகத்தில் அருவருப்பைவிட வேறு ஏதோ தெரிந்திருக்கவும் கூடும். அந்தச் சிரிப்பைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு நீ இரண்டு வாரம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

இனி டிக்கெட். இப்போது கிளம்பினால் எந்தப் பாடத்துக்கும் கிரெடிட் கிடைக்காது, அம்மா சங்கிலியை மீட்டபாடும் இல்லை. அதுகூடப் பெரிதில்லை. உடம்புக்கோ மனதுக்கோ ஆபத்து என்றால் ஆயிரம் சங்கிலி போனாலும் கிளம்பு என்பேன். ஆனால் நீ எதை விட்டு ஓட நினைக்கிறாயோ அது சென்னைக் கல்லூரியில் அப்படியே உனக்காகக் காத்திருக்கிறது. அங்கே எல்லோரும் அந்தப் பொய்யைக் கேட்டவர்கள். பூசான்தான் உனக்கு வாய்ப்பான இடம். ஏன் என்றால், அங்கே உன் அறைத் தோழிக்கு நீ இன்னும் அந்தப் பொய்யைச் சொல்லவே இல்லை.

இதை நன்றாக யோசித்துப் பார், மகளே. மூன்று வருடத்தில் முதல் தடவையாக, திருத்த வேண்டிய அவசியமே இல்லாமல், முதல் வார்த்தையிலேயே உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு ஆள் உனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறாள். தினமும் சாப்பிட்டாயா என்று வேறு கேட்கிறாள். இன்று கேட்டால் "இல்லை" என்று சொல். இரண்டு பேருமாக மெஸ்ஸுக்குப் போங்கள். மெல்ச்சி பொக்கும் இருந்தால் தட்டில் போட்டுக்கொள். நம்ம நெத்திலிக் கருவாட்டை சோயா சாஸும் சர்க்கரையும் போட்டுப் பிரட்டியதுதான். "என் அம்மா இந்த மீனை விற்கிறார்" என்று சொல்லிப் பார். அவ்வளவு போதும். அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார். என் அனுபவத்தில், நாம் பத்து வருடம் பயந்த வார்த்தைக்கு எதிராளி "அப்படியா, அங்கே கிலோ என்ன விலை?" என்று கேட்டுவிட்டு அடுத்த கவளத்தை எடுப்பார்.

கூட வந்த மூன்று பேருக்கும் நீ எதையும் ஒப்புவிக்க வேண்டிய கடமை இல்லை. எப்போது சொல்ல வேண்டும், சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் உன் இஷ்டம். ஒருவேளை ஒருநாள் பேச்சு வாக்கில் தானாக வரும். வராவிட்டாலும் குற்றம் இல்லை. அவர்கள் மறுபடி மீன் சந்தையைக் கிண்டல் செய்தால் சேர்ந்து சிரிக்காமல் இருந்தால் போதும், இப்போதைக்கு.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். இதில் நான் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இப்போது வேண்டாம். போனில் அழுது, "உன்னை மறைத்தேன், மூக்கைப் பொத்தினேன்" என்று கொட்டிவிட்டால் உன் பாரம் இறங்கும். 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால், இரவெல்லாம் உன்னை நினைத்துக்கொண்டு, காலையில் சட்டியைத் தூக்கப் போகிறவர் தலையில் அது ஏறும். அதோடு, அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தவர், கேட்டுக்கு வெளியே தானாகவே நின்றுகொண்டவர். அவர் உன் பொய்யைக் காப்பாற்றத்தான் உள்ளே வரவில்லை. எல்லாம் தெரிந்துதான் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு உன் மன்னிப்பு வேண்டியிருக்காது. நீ போனை எடுப்பதுதான் வேண்டும். டிசம்பரில் ஊருக்கு வந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஹாஸ்டல் கேட் விஷயத்தை மட்டும் பேசு. "அன்றைக்கு உன்னை உள்ளே கூப்பிட்டிருக்கணும்மா" என்று. அதை நேரில்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை மனதில் இருப்பதை இறக்கி வைக்க ஒரு நோட்டு வாங்கிக்கொள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிடம், யாரிடமும் சொல்லாத துயரத்தை எழுத வேண்டும். நடந்ததை மட்டும் எழுதினால் போதாது, அப்போது என்ன உணர்ந்தோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் இன்னும் கனமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. நீ தமிழிலேயே எழுது, உன் ஊர்ப் பேச்சிலேயே எழுது. ஆறாம் வகுப்பு பெஞ்சிலிருந்து தொடங்கு. முதல் நாள் அழுகை வந்தால் பயப்படாதே. தாங்க முடியாத அளவுக்குப் போனால் நிறுத்திவிடு.

வகுப்பு விஷயத்தைத் தள்ளிப்போடாதே. கொரியாவில் வருகைப் பதிவு கண்டிப்பானது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வராமல் போனால் பரீட்சையை எப்படி எழுதினாலும் தேர்ச்சி கிடையாது என்பது பல பல்கலைக்கழகங்களில் விதி. நாளைக்கே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய், இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, வகுப்பு விட்டுப்போயிற்று என்று சொல். காரணம் முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்களுக்கான ஆலோசனை மையம் இருக்கிறதா, ஆங்கிலத்தில் பேச ஆள் உண்டா என்று அங்கேயே கேள். தூக்கத்துக்கு மருந்து எதுவும் நீயாக வாங்காதே. ராத்திரி எத்தனை மணிக்குக் கண் மூடினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடு, பகலில் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் நட. கடல் பக்கத்தில்தானே இருக்கிறது. ஸ்டேட்டஸுக்குப் போட்டோ எடுக்காமல் ஒருநாள் நடந்து பார்.

இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். உயிரோடு இருந்து என்ன என்ற மாதிரி எண்ணம் ஒரே ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதே. அறைத் தோழியை எழுப்பு. கொரியாவில் 109 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கிடைக்கும். இதைப் படிக்கும் வேறு யாராவது இந்தியாவில் இதே நிலையில் இருந்தால் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. பூசான் நேரம் நம் நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. ராத்திரி நீ வகுப்பு, வேலை எல்லாம் முடித்து போனை எடுக்க நினைக்கும்போது அம்மா படுத்திருப்பார் என்று ஒரு சாக்கு உனக்கு இருக்கலாம். அம்மா மூன்று மணிக்கு எழுகிறார் என்றால் அப்போது உனக்கு ஆறரை. ஜகல்ச்சிக்குச் சற்றுத் தள்ளித்தான் பூசான் கூட்டுறவு மீன் சந்தை இருக்கிறது. கானாங்கெளுத்தி மாதிரியான ஒரு மீனைத்தான் அங்கே மலை மலையாகக் கொட்டி ஏலம் விடுவார்கள், அதுதான் பூசான் நகரத்தின் அதிகாரபூர்வ மீனே. அதிகாலையிலேயே ஏலம் தொடங்கிவிடும். ஒருநாள் அறைத் தோழியையும் கூட்டிக்கொண்டு முதல் மெட்ரோவில் போ. ஏலம் முடிந்திருந்தாலும் பரவாயில்லை, பக்கத்துத் தெருவில் பாட்டிமார்கள் தொட்டியைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். ஆறே முக்காலுக்கு அம்மாவுக்கு வீடியோ கால் போடு. அவர் திரேஸ்புரத்துக்கு நடந்துகொண்டிருப்பார், இருட்டில் முகம் சரியாகத் தெரியாது. போனைத் திருப்பி சாவாளையைக் காட்டு. அங்கே என்ன விலை என்று அவர்தான் முதலில் கேட்பார், பார்.